பறையும் பாட்டும் நம் பிள்ளைகளும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவுக்கான ஆயத்தக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. விழா ஊர்வலத்தின் முன்னே பறை முழங்க வேண்டுமா, கூடாதா என்பதே அக்கேள்வி. இளைஞர்கள் வேண்டும் என்றனர். மூத்தோர் பலர் கூடாது என்றனர். “இதை விட்டொழிக்கத்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்?” என்று ஒரு பெரியவர் கேட்டபோது அவையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அன்று முடிவு எட்டப்படவில்லை. கல்வியின் பயன்களைப் பற்றிக் கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டிருந்தனர். எனினும், இக்கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று ஆராய்வதே இவ்வேளையில் தக்கது எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

பண்டைத் தமிழகத்தில் பறை

‘பறைதல்’ என்றால் சொல்லுதல் என்று பொருள். மலையாள மொழியில் இன்றும் அச்சொல் அப்பொருளிலேயே வழங்குகிறது. செய்தியைச் சொல்லும் கருவியாதலின் அது பறை எனப்பட்டது என்பர். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களைத் தொகுத்துக் கூறுமிடத்தில் தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்துக் கூறுகிறது. எனவே பறையில்லாத நிலமே தமிழருக்கு இருந்ததில்லை. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, பாலைக்குத் துடி என இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். நாம் வாழும் இராயபுரமும் திருவொற்றியூரும் எண்ணூரும் நெய்தல் நிலமாகும். நெய்தலுக்கு உரியது மீன்கோட்பறை. வலை வீசி மீன் கொள்ளும் காலத்தில் முழங்கியது அது. காசிமேட்டுக் கரையில் நிற்கும் நம் இளைஞர் இதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுச் செய்யுள் ஒன்று, துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளைக் குறிப்பிட்டு, இவையன்றிக் குடிகள் இல்லை என்கிறது. சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் கொட்டிச்சேதம் என்னும் கூத்தை ஆடிக்காட்டியவன் பறையூர்க் கூத்தச் சாக்கையன் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. இவற்றை நோக்குங்கால், ஒரு காலத்தில் பறை முழக்கியோர் ஊரின் மதிப்புக்குரிய குடியினராய் இருந்தமை விளங்கும்.

வீழ்ச்சி

பின்னர் நிலை மாறியது. பதினோராம் நூற்றாண்டில் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்கள் காணப்படுகின்றன. குடி ஊரிலிருந்து பிரிந்து சேரியாயிற்று. கருவி அதன் அடையாளமாயிற்று. சாவுக்கு அடித்தல், அரசு ஆணையை அறிவித்தல், கோயில் திருவிழாவில் தேருக்கு வெகு தொலைவில் நின்று முழக்குதல் ஆகியவை பிறப்பால் விதிக்கப்பட்ட கடமைகளாயின. கூலி பேசும் உரிமை இல்லை. வர மறுக்கும் உரிமையும் இல்லை. ஐரோப்பியர் இப்பெயரைத் தம் மொழிகளுக்குக் கொண்டு சென்று, சமூகத்தால் விலக்கப்பட்டவன் எவனையும் குறிக்கும் பொதுச் சொல்லாக்கினர். ஓர் இசைக்கருவியின் பெயர் உலகெங்கும் இழிசொல்லாக மாறிய கதை இது.

ஆகவே நம் முன்னோர் பறையை வெறுத்ததில் வியப்பில்லை. 1922-இல் பழைய பெயர்களை நீக்கி ‘ஆதி திராவிடர்’ என்று வழங்கச் சென்னை அரசு ஆணையிட்டதற்கு எம்.சி. இராஜா போன்றோரின் முயற்சியே காரணம். 1927-இல் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், இழிவைச் சுமத்தும் பழக்கங்களைக் கைவிடுமாறு தம் மக்களை வேண்டினார். தமிழ்நாட்டிலும் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சிற்றூர்கள் பலவற்றில் நம்மவர் உறுதி பூண்டனர். அதன் பொருட்டு அடியும் உதையும் ஊர்விலக்கும் பெற்றனர். என் பாட்டனார் வடவார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். பறையைப் பரணில் போட்டுவிட்டு வெறுங்கையோடு இரயில் ஏறியதாக என் தந்தையார் பெருமையுடன் கூறுவார். அப்பெருமை நியாயமானது. அன்று அந்தப் பறையைத் துறந்ததனாலேயே நான் இன்று எழுதுகோல் பிடிக்கிறேன் என்பதை மறுக்க மாட்டேன்.

வடசென்னையில் பிறந்த பாட்டு

ஆனால் பறையை விட்டு வந்தோர் இசையை விட்டு வந்தனரா? இல்லை. 1856-இல் இராயபுரம் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பின்னர்த் துறைமுகமும் ஆலைகளும் எழுந்தன. தென்னார்க்காடு, வடவார்க்காடு, செங்கற்பட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த மக்கள் குடிசைகளில் குடியேறினர். பகலெல்லாம் மூட்டை சுமந்தவர்கள் இரவில் பாடினர். கையில் கருவி இல்லாதபோது பானையும் தகரமும் தீப்பெட்டியும் தாளக் கருவிகளாயின. இவ்வாறு வளர்ந்ததே கானா.

கானா பெரும்பாலும் சாவு வீட்டிலும் கருமாதி இரவிலும் பாடப்பட்டது. இறந்தவர் யார், எங்கு வேலை செய்தார், யாரை வளர்த்தார், எதற்கு ஏங்கினார் என்பனவெல்லாம் விடிய விடியப் பாட்டில் வரும். சுடலையில் பாடும் மரபு இம்மண்ணுக்குப் புதிதன்று. தாயின் ஈமத்தீ முன் பாடிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இராயபுரத்தில் அடக்கமாகியுள்ளார். சித்தர் பாடலும் சூஃபிப் பாடலும் ஒலித்த தெருக்களில், ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பம்பையும் உடுக்கையும் முழங்கும் தெருக்களில், கானா தோன்றியது இயல்பேயாகும். அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை எழுத்தறியாத முதியோர் அறிந்ததும் கானா வாயிலாகவே என்றால் மிகையாகாது.

1990-களில் இசையமைப்பாளர் தேவா இதனைத் திரைப்படத்துக்குக் கொண்டு சென்றார். 2006-இல் கானா உலகநாதனும், பின்னர் கானா பாலாவும் திரையில் புகழ் பெற்றனர். எனினும் திரையில் ஒலித்தது ஒரு கூறு மட்டுமே. இரவு முழுதும் நீளும் இரங்கற் பாட்டு அவ்வளவாகப் பதிவு செய்யப்படவில்லை.

இங்கு என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தலைமையாசிரியராவதற்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அடிக்கடி வகுப்பில் உறங்குவான். இரவில் மேளம் அடிக்கச் செல்கிறான் என்று அறிந்து, “சாவுக்கு அடிக்கப் போகிறவனுக்குப் படிப்பு எதற்கு?” என்று எல்லார் முன்பும் கேட்டுவிட்டேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை. மூன்று வாரங்கள் கழித்து அவன் வீட்டுக்குச் சென்றேன். அங்கிருந்த அவனுடைய தாத்தா, என்னைக் கடிந்துகொள்ளாமல் அமரச் செய்து, இறந்துபோன தம் நண்பர் ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரம் பாடினார். ஏட்டில் ஒரு வரியும் இல்லை. எல்லாம் நெஞ்சில் இருந்தது. துறைமுகத்தில் நடந்த விபத்துகளும், நிலுவையாகிப்போன கூலியும், தீப்பற்றிய குடிசைகளும் அப்பாட்டில் இருந்தன. எந்தப் பாடநூலிலும் நான் படித்திராத நம் பேட்டையின் வரலாறு அது. மாணவன் பள்ளிக்குத் திரும்பினான். அடுத்த ஆண்டு பெரியவர் மறைந்தார். அப்பாட்டை நான் எழுதி வைக்கவில்லை. வேறு எவரும் எழுதி வைக்கவில்லை.

மீட்டெடுத்தோர்

1980-களிலும் 1990-களிலும் வேறொரு கருத்து வலுப்பெற்றது. இழிவு கருவியில் இல்லை, கட்டாயத்தில்தான் இருக்கிறது என்பது அக்கருத்து. பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாடலையும் தலித் அரங்கையும் கல்லூரி மேடைகளுக்குக் கொண்டு வந்தார். மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற இசையையும் விடுதலைக் கல்வியின் கருவிகளாக்கினார். திண்டுக்கல்லில் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் இளம் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. பெண்கள் தொடக்கூடாது என்றிருந்த கருவியை அவர்கள் தோளில் மாட்டி ஆடியபோது, இருவகைத் தடைகள் ஒருங்கே உடைந்தன. அலங்காநல்லூர் வேலு ஆசான் ஆயிரக்கணக்கானோருக்குப் பறை பயிற்றுவித்தார். 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நம் நகரிலோ 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. பண்டிதர் அயோத்திதாசர் வழங்கிய ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்லை நினைவூட்டும் பெயர் அது. வடசென்னைக் கானாப் பாடகர் பலர் அக்குழுவில் இருந்தனர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. சபாக்களின் மாதத்தில் சாவுப் பாட்டும் ஒப்பாரியும் மேடையேறின.

2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அதே ஆண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழாவில் நாட்டுப்புறக் கலைகள் இடம்பெற்றன. ஒன்று கட்டாய ஊழியத்தை நீக்குகிறது. மற்றொன்று கலையை வகுப்பறைக்கு அழைக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதை நம் மூத்தோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிற நாட்டார் கண்ட வழி

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்து சட்டம் வந்தது. முரசு பேசும் என்பதை ஆண்டைகள் அறிந்திருந்தனர். டிரினிடாடு தீவில் 1880-களில் முரசுக்குத் தடை வந்தபோது, மக்கள் மூங்கிற் குழாய்களைத் தட்டினர். பின்னர்த் தகரங்களைத் தட்டினர். இறுதியில் பயனற்ற எண்ணெய்ப் பீப்பாய்களின் அடிப்பகுதியைத் தட்டிச் சுரம் பிரித்து ‘ஸ்டீல் பேன்’ என்னும் புதிய கருவியையே படைத்தனர். தொடக்கத்தில் அதனை வாசித்தோர் போக்கிரிகள் எனப்பட்டனர். பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்தனர். 1951-இல் அவர்தம் குழு இலண்டனில் வாசித்தது. 1992-இல் அதுவே நாட்டின் தேசிய இசைக்கருவியாயிற்று. இன்று அங்குப் பள்ளிகளில் அது கற்பிக்கப்படுகிறது. மணலியின் எண்ணெய்ப் பீப்பாய்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இக்கதை அயலானதன்று.

தாய்லாந்து, மியான்மர், லாவோசு, சீனத்து யுன்னான் மலைகளில் வாழும் அகா மக்கள், எழுத்தின்றியே தம் மூதாதையர் அறுபது தலைமுறையினரின் பெயர்களை ஓதி வந்தனர். நகருக்குச் செல்லும் இளையோரிடம் அப்பாட்டு மரபு மங்கி வருகிறது. வாய்மொழியில் வாழும் செல்வம் ஒரு தலைமுறை காது கொடாவிடினும் அழியும்.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, மாலைப் பாட வகுப்பு நடத்தும் நம் சங்கம் வாரம் ஒரு நாள் பறை வகுப்பும் நடத்தலாம். ஆண், பெண் இருபாலாரும் சேர வேண்டும். நம் சமுதாயத்தார் மட்டுமன்றி விரும்பும் எவரும் சேரலாம். எல்லார் கையிலும் பறை வரும்போதுதான் அதன் மீதுள்ள சாதி முத்திரை அழியும்.

இரண்டாவது, கருவியின் நுட்பத்தையும் கற்பிக்க வேண்டும். வேப்ப மரத் துண்டுகளை வளையமாக இணைத்தல், தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுதல், தீயில் காட்டிப் பதப்படுத்துதல் ஆகியவை ஒரு தொழிலறிவே. நீண்ட குச்சி, குட்டைக் குச்சி ஆகிய இரண்டும் சப்பரத்தடி, மருளடி, வாழ்த்தடி, ஒத்தையடி என எத்தனை அடிகளைப் பிறப்பிக்கின்றன! அவற்றை எண்ணித் தாளமிடத் தெரிந்த பிள்ளைக்குக் கணிதம் கடினமன்று.

மூன்றாவது, நம் பேட்டையின் முதிய பாடகர் ஒவ்வொருவரிடமும் இளைஞர் இருவர் சென்று, கைப்பேசியில் பதிந்து, குறிப்பேட்டில் எழுதி, பாடியவர் பெயருடன் நம் நூலகத்தில் வைக்க வேண்டும். இது நாளை தொடங்கினாலும் காலம் கடந்ததே.

நான்காவது, சில கட்டுப்பாடுகளும் வேண்டும். பள்ளி நாளில் எந்தப் பிள்ளையும் நிகழ்ச்சிக்குச் செல்லலாகாது. மது புழங்கும் இடத்துக்கு அனுப்பலாகாது. பிறப்பைக் காட்டி எவர் அழைத்தாலும் போகலாகாது. கலைஞன் என்று மதித்து, முறையான ஊதியம் பேசி அழைத்தால் செல்லலாம். ஆசானுக்குச் சங்கம் மாத ஊதியம் தர வேண்டும். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது முறையன்று.

இளைஞர்களே! மூத்தோரின் சினத்தை எளிதாக எண்ணாதீர். அவர்கள் முதுகில் விழுந்த அடியின் நினைவு அது. பெரியோர்களே! பிள்ளைகளின் ஆர்வத்தையும் இகழாதீர். நீங்கள் துறந்தது அடிமைத்தனத்தை. அவர்கள் கேட்பது கலையை. நீங்கள் துறந்ததனால் அன்றோ இன்று அவர்கள் அதனை விரும்பி எடுக்கவும், விரும்பாவிடில் வைக்கவும் முடிகிறது?

வெள்ளி விழாவில் பறை முழங்கட்டும் என்பதே என் கருத்து. முழக்குவோர் நம் வகுப்பில் பயின்ற பிள்ளைகளாகவும், முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர் அன்று கூட்டத்தில் மறுத்துரைத்த அப்பெரியவராகவும் அமைந்தால் எத்துணைச் சிறப்பு! அவர் இளமையில் தேர்ந்த பறைக் கலைஞர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர் மனம் இசையாவிடில் வற்புறுத்தலாகாது. கட்டாயமின்றி எடுப்பதே கலை.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் பிள்ளைகள்!