மூலம் எது? ஒரு பந்தயக் காரும் அதன் மாற்று எஞ்சினும்

பழைய ஏட்டுச்சுவடி ஒன்று கைக்குக் கிடைத்தால், அது எந்தப் பிரதியைப் பார்த்து எழுதப்பட்டது, எப்போது எழுதப்பட்டது, இடையில் யார் யார் கை பட்டது என்றெல்லாம் ஆராய்வது இலக்கிய அன்பர்களாகிய நமக்குப் பழக்கமான செயல்தான். அதே கேள்விகளை வார்ப்பிரும்பிடமும் கேட்க இயலும். ஒரு காரின் எஞ்சின் பழுதாகி, அதன் இடத்தில் வேறொரு எஞ்சின் பொருத்தப்பட்டால் அந்தக் கார் பழைய கார்தானா? வந்து சேர்ந்த எஞ்சின் எங்கே பிறந்தது என்பதை எப்படி அறிவது? முதல் கேள்வி 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நீதிமன்றம் வரை சென்றது. அந்த வரலாற்றை முதலில் காண்போம்.

1919இல் டபிள்யூ. ஓ. பென்ட்லி நிறுவிய பென்ட்லி நிறுவனம், பிரான்சின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1924, 1927, 1928, 1929, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வாகை சூடியது. இவற்றுள் கடைசி இரண்டு வெற்றிகளையும் பெற்றுத் தந்தது ஆறரை லிட்டர் எஞ்சின் கொண்ட 'ஸ்பீட் சிக்ஸ்' கார். 1929இல் உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்கினும் அதனை ஓட்டினர். 1930இல் பர்னாட்டோவுடன் இணைந்தவர் கிளென் கிட்ஸ்டன். 1929ஆம் ஆண்டுப் பந்தயத்தில் அதன் மேல் எழுதப்பட்டிருந்த எண் 1. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று அந்தக் கார் புகழ்பெற்றது இதனால்தான்.

பந்தயக் கார் என்பது பேணிக் காக்கப்படும் சிலையன்று. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் பிரிக்கப்படும். தேய்ந்தது கழற்றப்பட்டுப் புதியது பூட்டப்படும். அன்று அதைச் செய்தவர்கள் வரலாற்றை எண்ணிச் செய்யவில்லை. அடுத்த பந்தயத்தை எண்ணிச் செய்தார்கள். 1931இல் பென்ட்லி நிறுவனம் நொடித்து ரோல்ஸ்-ராய்ஸ் வசமாயிற்று. ஆயினும் அந்தக் காரின் ஓட்டம் நிற்கவில்லை. 1932ஆம் ஆண்டு புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் நடைபெற்ற 500 மைல் பந்தயத்துக்காக அதன் ஆறரை லிட்டர் எஞ்சின் அகற்றப்பட்டு, பென்ட்லியின் எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் சகோதரர்களான ஜாக் டன்ஃபியும் கிளைவ் டன்ஃபியும் மாறி மாறி ஓட்டினர். கிளைவ் ஓட்டிக்கொண்டிருந்தபோது, சரிவாக உயர்ந்திருந்த ஓடுதளத்தின் மேல் விளிம்பைத் தாண்டிக் கார் வெளியே பாய்ந்தது. கிளைவ் உயிரிழந்தார். சிதைந்த காரைப் பர்னாட்டோ பின்னர் சாலையில் ஓட்டத்தக்க மூடிய காராகக் கட்டுவித்தார்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1990 ஏப்ரலில், அந்தக் காரை 1 கோடி பவுண்டு மதிப்பில் விற்க ஒப்பந்தம் ஆயிற்று. பின்னர் வாங்க முன்வந்த நிறுவனம் பின்வாங்கியது. இது உண்மையான 'ஓல்டு நம்பர் ஒன்' அன்று என்பது அதன் வாதம். வழக்கு நீதிபதி ஆட்டன் முன் வந்தது. 1929ஆம் ஆண்டுக் காரிலிருந்து உறுதியாகச் சுட்டிக்காட்டத்தக்க பாகம் என்று எதுவும் எஞ்சியிருக்கவில்லை. 1930ஆம் ஆண்டினவாகக் கருதத்தக்கவை மிகச் சிலவே. அடிச்சட்டமும் எட்டு லிட்டர் எஞ்சினும் 1932ஆம் ஆண்டுக் கோலத்தைச் சேர்ந்தவை.

1990 ஜூலை 27ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் நீதிபதி சொற்களை நிறுத்துப் பார்த்தார். லெ மானில் ஓடிய அதே பொருள் என்ற கண்டிப்பான கருத்தில் இதனை 'மூலக் கார்' என்று சொல்ல முடியாது. ஆனால் இது போலியும் அன்று; புதிதாகப் படைக்கப்பட்ட நகலும் அன்று. பாகங்கள் நீண்ட காலத்தில் படிப்படியாக மாறின; எந்தக் கட்டத்திலும் கார் தன் அடையாளத்தை இழக்கவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறொரு பென்ட்லியும் இல்லை. ஆகவே இதுவே மெய்யான 'ஓல்டு நம்பர் ஒன்' என்றும், விற்பனை செல்லும் என்றும் தீர்ப்பாயிற்று.

இதற்கு நேர் எதிரான மரபு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அங்கே பழைய செவர்லே கார்களைச் சேகரிப்போர் கேட்கும் முதல் கேள்வி, எண்கள் பொருந்துகின்றனவா என்பதே. 1960களின் இறுதியில் வந்த ஒரு செவர்லே வி-8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் உடலில் மூன்று சாட்சிகள் உள்ளன. முதலாவது வார்ப்பு நாள்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பின்னர் தேதி, ஆண்டின் கடைசி இலக்கம் என்று வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். இரண்டாவது, முன்புறம் உள்ள சிறு சமதளத்தில் குத்தப்பட்ட பொறிப்பு. ஃபிளின்ட் ஆலையெனில் 'வி', டோனவாண்டா ஆலையெனில் 'டி', அதன்பின் எஞ்சின் கோக்கப்பட்ட மாதமும் நாளும், இறுதியில் எஞ்சினின் வகையைக் காட்டும் எழுத்துகள். மூன்றாவது, காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி. இம்மூன்றுக்கும் கால ஒழுங்கு உண்டு. வார்ப்பு முதலில், கோப்பு அடுத்து, கார் இறுதியில். காருக்குப் பின் பிறந்த எஞ்சின், அந்தக் காருடன் பிறந்த எஞ்சினாக இருக்க முடியாது அல்லவா?

பணம் புரளும் இடத்தில் மோசடியும் நுழையும். பழைய எண்ணை இழைத்து நீக்கிவிட்டு, வேண்டிய எண்ணைக் குத்துவோர் உண்டு. ஆனால் ஆலையின் கருவி அந்தச் சமதளத்தைச் செதுக்கியபோது நுண்ணிய இணைகோடுகள் பதிந்திருக்கும். இழைத்தால் அவை அழிந்துபோகும். எண் சரியாக இருந்து கோடுகள் இல்லையெனில் ஐயம் கொள்ள வேண்டும். இழைப்பு பழுதுபார்த்தபோது நேர்ந்ததாகவும் இருக்கலாம் என்பதால், அந்த ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வதும் தவறு. உத்தரவாதக் காலத்தில் மாற்றித் தரப்பட்ட எஞ்சின்களில் 'சி.இ.' என்ற எழுத்துகளைச் செவர்லே நிறுவனமே பொறித்தது. நான் மாற்றாக வந்தவன் என்று எஞ்சினே ஒளிக்காமல் சொல்லும் சான்று அது.

இரண்டு மரபுகளும் முரண்படுகின்றனவா? இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். எண்களை ஆய்பவர் எஞ்சினின் பிறப்பைக் கேட்கிறார்; நீதிபதி காரின் வாழ்வைக் கேட்டார். 'ஓல்டு நம்பர் ஒன்' காரின் எட்டு லிட்டர் எஞ்சின் அந்தக் காருடன் பிறந்ததன்று. அதனை யாரும் மறைக்கவுமில்லை. மூலத்துக்கு மீட்கிறோம் என்று அதை அகற்றி ஓர் ஆறரை லிட்டர் எஞ்சினைப் பொருத்தினால் 1929ஆம் ஆண்டு திரும்பி வந்துவிடாது. 1932 மட்டும் அழியும். அந்த எஞ்சினின் பின்னால் அமர்ந்து உயிர்விட்ட கிளைவ் டன்ஃபியின் சுவடும் அதனுடன் அழியும்.

பழைய நூல்களில் பிற்காலத்தார் சேர்த்த பாடல்களை இடைச்செருகல் என்று அடையாளம் காண்கிறோம். ஆனால் கிழித்து எறிவதில்லை. எது எப்போது சேர்ந்தது என்று குறித்துவைக்கிறோம். இரும்புக்கும் அந்த நேர்மை போதும். மாற்றியதில் குற்றமில்லை, மாற்றியதை மறைத்து எண்ணைத் திருத்துவதே குற்றம்.