லூபஸ், லுக்கிமியா: "மருந்து கண்டுபிடிச்சிட்டாங்க" என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி ஒரு செய்தியை அனுப்புகிறார். "லூபஸ் நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சிட்டாங்க, எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க!" அடுத்த நிமிடம் அம்மா உங்களைக் கேட்பார்: "இது உண்மையா? நம்ம அக்காவுக்குக் கிடைக்குமா?"

வீட்டில் ஆங்கிலமும் மலாயும் சரளமாகப் படிப்பவர் நீங்கள்தான் என்றால், இந்தக் கேள்வி உங்களுக்குப் புதுசு இல்லை. பீடோங்கிலிருந்து சுங்கை பட்டாணி மருத்துவமனைக்குக் கூடவே போவது, டாக்டர் சொன்னதைத் தமிழில் விளக்குவது, ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வது எல்லாம் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். இந்த விளக்கம் உங்களுக்காகத்தான்.

முதல் விஷயம்: சித்தி அனுப்பியது முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது முழு உண்மையாகவும் இருக்காது.

இரண்டும் வேற வேற நோய்தானே, என்ன சம்பந்தம்?

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பி செல், டி செல் என்று இரு முக்கிய வகைகள் உண்டு. கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்புப் பொருள்களை உருவாக்குவது பி செல்களின் வேலை. பாதிக்கப்பட்ட செல்களை நேரடியாக அழிப்பது டி செல்களில் ஒரு பிரிவின் வேலை.

தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் திருடனைப் பிடிப்பதுதான் அவர் வேலை. அவரே ஒருநாள் லயத்தில் குடியிருப்பவர்களைத் திருடன் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்தால்? அதுதான் தன்னெதிர்ப்பு நோய். லூபஸ், முடக்குவாதம் போன்றவை இந்த வகை. லூபஸ் நோயில் பி செல்கள் நம் உடலின் சொந்த செல்களுக்கு எதிராகவே எதிர்ப்புப் பொருளை உருவாக்குகின்றன. தோல், மூட்டு, சிறுநீரகம் எதுவும் பாதிக்கப்படலாம். இந்த நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

இன்னொரு நிலைமை. ஜாகா யாரையும் அடிக்கவில்லை. ஆனால் ஒருவர் நூறாகி, நூறு ஆயிரமாகி, வேலை செய்ய வருபவர்களுக்கு இடமே இல்லாமல் போகிறது. அதுதான் இரத்தப் புற்றுநோய். லுக்கிமியா, லிம்ஃபோமா ஆகியவற்றில் பல வகைகள் பி செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் வருபவை.

நோய் இரண்டு, ஆனால் பிரச்சினை செய்யும் செல் பல நேரங்களில் ஒன்றுதான். அதனால்தான் ஒன்றுக்காகக் கண்டுபிடித்த மருந்து இன்னொன்றுக்கும் பயன்படுகிறது.

மருந்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போன கதை

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இருந்த குழு அமினோப்டெரின் என்ற மருந்தைத் தயாரித்தது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை லுக்கிமியா வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் வெளியான முடிவின்படி 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அது நிலைக்கவில்லை. ஆனாலும் லுக்கிமியாவை மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த மருந்தின் நெருங்கிய உறவுதான் மெத்தோட்ரெக்சேட். இன்றைக்கு முடக்குவாத நோயாளிகள் பலர் சாப்பிடும் அதே மாத்திரை. "கேன்சர் மருந்தை ஏன் எனக்குக் கொடுக்கிறாங்க?" என்று பாட்டி பயந்தால், விளக்கம் இதுதான்: அளவு மிகவும் குறைவு, வேலையும் வேறு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முடக்குவாதத்துக்கு இது வாரத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று கேலண்டரில் எழுதி வையுங்கள்.

அடுத்தது ரிட்டுக்சிமாப். இது பி செல்களைக் குறிவைக்கும் மருந்து. அமெரிக்காவில் 1997இல் லிம்ஃபோமாவுக்கும், 2006இல் முடக்குவாதத்துக்கும் அனுமதி கிடைத்தது.

எதிர்த் திசையிலும் இது நடந்திருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமிக்கு, திரும்பத் திரும்ப வந்த லுக்கிமியாவுக்காக, புதிய செல் சிகிச்சை தரப்பட்டது. அந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை அவர்தான். சில நாட்களில் கடுமையான காய்ச்சல் வந்து, உயிர் பிழைப்பாரா என்ற நிலை. இரத்தப் பரிசோதனையில் ஐ.எல்.6 என்ற பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதை அடக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து இருப்பது ஆய்வாளர் கார்ல் ஜூனுக்கு ஞாபகம் வந்தது. காரணம், அவருடைய சொந்த மகளுக்கு மூட்டுவாதம் இருந்தது. டோசிலிசுமாப் மூட்டுவாத மருந்து. அதைக் கொடுத்தார்கள், எமிலி பிழைத்தார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் புற்றுநோய் திரும்பவில்லை.

சித்தி அனுப்பிய செய்தி எதைப் பற்றியது?

பெரும்பாலும் அதே சிகிச்சையைப் பற்றித்தான் இருக்கும். பெயர் கார்-டி. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் மரபணு மாற்றம் செய்து, பி செல்களை மட்டும் தேடி அழிக்கும்படி பழக்கி, திரும்ப உடலுக்குள் செலுத்துகிறார்கள். பி செல்களின் மேற்பரப்பில் உள்ள சி.டி.19 என்ற அடையாளம்தான் இலக்கு. அமெரிக்கா 2017 ஆகஸ்டில் முதல் கார்-டி சிகிச்சையை லுக்கிமியாவுக்கு அனுமதித்தது.

பி செல்தான் இலக்கு என்றால், லூபஸுக்கும் இது வேலை செய்யுமா? ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பேராசிரியர் கியோர்க் ஷெட்டின் குழு இதைச் சோதித்தது. 2021இல், கடுமையான லூபஸ் இருந்த 20 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய அறிக்கை வெளியானது. 2022இல் 5 பேர். 2024 பிப்ரவரியில் 15 பேர்: 8 பேருக்கு லூபஸ், மற்றவர்களுக்கு தசை அழற்சி அல்லது தோல் இறுகும் நோய். லூபஸ் இருந்த 8 பேருக்குமே நோய் அடங்கியது; நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளையும் நிறுத்த முடிந்தது. சில மாதங்களில் பி செல்கள் புதிதாக வளர்ந்தபோதும் பழைய தப்பு திரும்பவில்லை. போனை ரீசெட் செய்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் அக்காவுக்கும் கொடுக்கலாமே?

இங்கேதான் நிறுத்திப் படிக்க வேண்டும்.

15 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிகிச்சை பெற்ற இன்னொரு குழு அதில் இல்லை. அவர்களைக் கவனித்த காலமும் சராசரியாக ஒன்றேகால் ஆண்டுதான். லூபஸோ வாழ்நாள் முழுக்க வரும் நோய்.

ஆபத்தும் உண்டு. செல்களைச் செலுத்துவதற்கு முன்னால் கீமோ மருந்து கொடுக்கிறார்கள். குழந்தை பெற நினைக்கும் வயதுப் பெண்கள் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். எமிலிக்கு வந்த மாதிரிக் காய்ச்சல் வரலாம், கிருமித் தொற்று வரலாம். சிகிச்சைக்குப் பிறகு டி செல்களிலேயே புதிதாகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டு என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உற்பத்தியாளர்களிடம் சொன்னது. அது அரிதுதான். ஆனால் வேறு வழியே இல்லாத லுக்கிமியா நோயாளி எடுக்கும் ரிஸ்க்கும், மாத்திரையில் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கும் லூபஸ் நோயாளி எடுக்கும் ரிஸ்க்கும் ஒன்றல்ல.

செலவு இன்னொரு பக்கம். 2017இல் அமெரிக்க விலை 4 இலட்சத்து 75 ஆயிரம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20 இலட்சம் ரிங்கிட். பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு இந்தியா 2023 அக்டோபரில் அனுமதி கொடுத்தது. விலை 30 முதல் 40 இலட்சம் ரூபாய், அதாவது 2 இலட்சம் ரிங்கிட் அளவு என்று செய்திகள் வந்தன. பெரிய இறக்கம்தான். ஆனால் அந்த அனுமதி லுக்கிமியா, லிம்ஃபோமா நோய்களுக்கு; லூபஸுக்கு அல்ல. "இந்தியாவுல சீப்பா கிடைக்குது" என்று யாராவது சொன்னால், எந்த நோய்க்கு என்று முதலில் கேளுங்கள்.

நோயாளிங்க இதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகியிருக்கிறது. நாட்பட்ட மைலாய்டு லுக்கிமியாவுக்கான இமாட்டினிப் 1999இல் இன்னும் சோதனையில்தான் இருந்தது. தயாரிப்பு குறைவு, கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கவில்லை. கனடாவைச் சேர்ந்த சூசன் மெக்நமாரா என்ற நோயாளி, இணையத்தில் மற்ற நோயாளிகளிடமிருந்து இதைத் தெரிந்துகொண்டார். தயாரிப்பை அதிகரிக்கும்படி நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் தலைவருக்கு 3,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு போனது. நிறுவனம் தயாரிப்பை விரைவுபடுத்தியது. 2001 மே மாதம் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இன்று இந்த நோய் இருப்பவர்களில் பலர் மாத்திரை சாப்பிட்டபடி வேலைக்குப் போகிறார்கள்.

அந்த நோயாளிகள் டாக்டருக்குப் பதிலாகத் தாங்களே சிகிச்சை முடிவு எடுக்கவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போய்க் கேட்டார்கள்.

செய்தி வந்தால் கேட்க 5 கேள்விகள்

1. எலியிலா, மனிதரிலா? எலியில் வேலை செய்த மருந்துகளில் பல மனிதரில் தோற்றுப் போகின்றன.

2. எத்தனை பேர், எந்தக் கட்டம்? முதல் கட்டம் பாதுகாப்பைப் பார்ப்பது. இரண்டாம் கட்டம் பலன் தெரிகிறதா என்று பார்ப்பது. மூன்றாம் கட்டத்தில்தான் அதிகமானவர்களிடம் இப்போதைய சிகிச்சையோடு ஒப்பிடுகிறார்கள்.

3. அக்காவுக்கு இருக்கும் அதே நோயா? "இரத்தப் புற்றுநோய்" என்பது ஒரே நோய் அல்ல. ரிப்போர்ட்டில் உள்ள முழுப் பெயரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. பதிவு எண் இருக்கிறதா? உண்மையான சோதனைகளில் பலவற்றுக்கு என்.சி.டி. என்று தொடங்கும் எண் இருக்கும். மலேசியாவில் நடப்பவற்றைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்திலும் தேடலாம்.

5. யார் விற்கிறார்கள்? பணம் கட்டினால் உடனே "ஸ்டெம் செல்" ஊசி என்றால் சந்தேகப்படுங்கள். முறையான சோதனையில், சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் கேட்பதில்லை.

பீடோங்கிலிருந்து எங்கே போய்க் கேட்பது?

ஆரம்பம் பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக்தான். அங்கிருந்து கடிதம் வாங்கினால் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையின் நிபுணர் பிரிவுக்குப் போகலாம். இரத்தப் புற்றுநோய் என்றால் பினாங்கு மருத்துவமனைக்கு அனுப்பலாம். சில சிகிச்சைகளுக்கு அம்பாங் மருத்துவமனை வரை போக வேண்டியிருக்கும். வேலைக்கு லீவு, பஸ், கூட வர ஆள் என்று எல்லாம் யோசிக்க வேண்டிய பயணம் அது. அதனால் கேள்விகளை முன்னாடியே எழுதிக்கொண்டு போங்கள்.

மலேசியாவில் மருந்துச் சோதனை ஏதாவது நடக்கிறதா என்று உங்கள் நிபுணரிடமே கேட்கலாம். சுகாதார அமைச்சின் கீழ் 2012இல் தொடங்கிய கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா இந்தச் சோதனைகளுக்கு உதவும் அமைப்பு. சேரச் சொன்னால் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். அம்மாவுக்கு மலாய் புரியவில்லை என்றால் தமிழில் விளக்கும்படி கேட்பது உரிமை. நடுவில் விலகவும் உரிமை உண்டு; அதனால் வழக்கமான சிகிச்சை நின்றுபோகாது.

செய்யவே கூடாதது இரண்டு. புது மருந்து வரப்போகிறது என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். உடல் நிலைகுலைந்து விடும். "மூட்டு வலி மூணே நாள்ல போயிடும்" என்று விற்கும் ஜாமுவை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட பொருள்கள் சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருந்ததை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. லேபிளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருந்தால், அதே பிரிவின் இணையப் பக்கத்தில் அது உண்மையா என்று பார்க்கலாம்.

நீங்கள் ஆரோக்கியமாக இருந்தால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். வெளியார் தேவைப்பட்டால், அதே இனப் பின்னணி உள்ளவர்களிடம் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மலேசிய ஸ்டெம் செல் பதிவகத்தில் பேர் கொடுக்கலாம். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவகமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். உண்மையா? "ஆமாம்மா, ஆராய்ச்சி உண்மைதான், நல்லாவும் போகுது." அக்காவுக்குக் கிடைக்குமா? "இப்போதைக்கு இல்ல. அடுத்த அப்பாய்ண்ட்மென்ட்ல டாக்டர்கிட்ட நானே கேக்குறேன். அதுவரைக்கும் அக்கா மாத்திரையை நிறுத்த வேண்டாம்." குழுவில் இதையே அனுப்புங்கள். சித்திக்கும் பிரயோஜனமாக இருக்கும்.