நடுநாடு

நடுநாடு என்பது வடக்கே தென்பெண்ணை, தெற்கே வெள்ளாறு என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே, தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்டுக் கிடந்த பழைய நிலப்பகுதி. பெண்ணை கடலூரை ஒட்டியும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலும் கடலில் சேர்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் ஓடும் வெள்ளாறு வேறு. எல்லை என்னவோ கறாராக இருந்ததில்லை. பெண்ணைக்கு வடக்கே இருக்கும் திருவாமாத்தூரும் நடுநாட்டுத் தலமாகவே எண்ணப்படுகிறது. வெள்ளாற்றைத் தாண்டியதும் வரும் சிதம்பரமோ தேவாரத் தல வரிசையில் சோழ நாட்டுத் தலம்.

இடையில் இருந்த நாடு என்பதால் இதைப் பேரரசுகள் மோதிக்கொண்ட வெறும் களமாகப் பார்ப்பது வழக்கம். அது நியாயமில்லை. சங்க காலத்தில் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். மூவேந்தரும் அவன் படைத்துணையை நாடினார்கள். புலவர் கபிலர் வள்ளல் பாரியின் மகளிரை அழைத்து வந்ததும் இந்தப் பெண்ணைக் கரைக்குத்தான். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டு, பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு ஆற்றிடைக் கல்லில் கபிலர் தீப்புகுந்ததைச் சொல்கிறது. நிகழ்ச்சி நடந்து பல நூற்றாண்டுகள் கழித்தும் ஊர் அதை மறக்கவில்லை.

பல்லவர் காலத்தில் இப்பகுதி திருமுனைப்பாடி எனப்பட்டது. கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் அன்று பாடலிபுரம், சமணக் கல்வியின் இருப்பிடம். 'லோகவிபாகம்' என்ற சமண நூல் கி.பி. 458-இல் இங்கே எழுதி முடிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. திருவாமூரில் பிறந்த அப்பர் அங்கிருந்த சமணப் பள்ளியில் இருந்துவிட்டு, சைவராகத் திருவதிகையில் தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்தார். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அவர் மிதந்து வந்து ஏறிய இடம் என்று கடலூரில் இன்றும் ஓர் ஊரைக் காட்டுகிறார்கள். அதன் பெயரே கரையேறவிட்டகுப்பம். சுந்தரர் பிறந்த திருநாவலூரும் இந்த நாடுதான். தேவாரம் பாடிய மூவரில் இருவரைத் தந்த மண் இது.

சோழர் எழுந்தபோது வட எல்லைக் காவல் இங்கே அமைந்தது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் படையோடு திருமுனைப்பாடியில் தங்கியிருந்தான். அவன் படைத்தலைவர்களில் ஒருவனான கேரளத்து வெள்ளன் குமரன், பெண்ணைக் கரையில் கிராமம் என்ற ஊரில் 943-இல் கற்றளி எடுத்தான். 949-இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே வீழ்ந்தான்.

13-ஆம் நூற்றாண்டில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். போசள நரசிம்மனின் தண்டநாயகர்கள் ஊர் ஊராக அழித்துக்கொண்டு வந்து சோழனை மீட்ட கதையைத் திருவகீந்திரபுரம் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. அதே காடவர்கள் சிதம்பரம் கோயில் கோபுரத் திருப்பணியிலும் பங்குகொண்டவர்கள்.

ஆங்கிலேயர் 1690-இல் கடலூரில் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கினர். பின்பு இந்நிலம் தென்னார்க்காடு மாவட்டமாகி, 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. அரசு ஆவணங்களில் பழைய பெயர் இல்லை. ஆனாலும் விருத்தாசலம் வட்டார எழுத்தாளர் கண்மணி குணசேகரன், இங்குள்ள உழவர் பேச்சில் புழங்கும் சொற்களைத் தொகுத்த அகராதிக்கு 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்றே பெயர் வைத்தார்.