கைக்கேற்ற தமிழ்: எழுத்துப்பெட்டி முதல் விசைப்பலகை வரை

பினாங்கின் தமிழ் இதழ் வரலாற்றைக் கூறுவோர், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இங்கிருந்து வெளிவந்த 'வித்தியா விசாரிணி'யையும் அதன் ஆசிரியர் நாகூர் குலாம் காதிறு நாவலரையும் மறவாது குறிப்பிடுவர். அத்தகைய இதழ்களின் பக்கங்களை எழுத்தெழுத்தாகக் கோத்த கைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அச்சுக்கோப்பவர் எழுத்துப்பெட்டிக்கு முன் நின்றபடியே பணி செய்தார். கா, கை போன்றவற்றைத் துணைக்கால், இணைக்கொம்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கோக்கலாம். கி, கீ, கு, கூ முதலியவற்றுக்கோ தனித்தனி ஈய எழுத்துகள் வேண்டும். ஆங்கிலப் பெட்டியைவிடத் தமிழ்ப் பெட்டி அகன்றது இதனாலேயே. அடிக்கடி வரும் எழுத்தைக் கைக்கு அருகிலும், அரிதாக வருவதை எட்டத்திலும் வைப்பது அத்தொழிலின் அடிப்படை அறிவு.

இவ்வறிவுக்கு அறிஞர் உலகம் பின்னரே பெயர் சூட்டியது. போலந்து நாட்டின் யஸ்த்செம்போவ்ஸ்கி 1857இல் 'எர்கோனாமிக்ஸ்' என்னும் சொல்லைக் கையாண்டார். 1949இல் பிரித்தானிய அறிஞர் மரெல் அதனைத் துறைப்பெயராக நிலைநிறுத்தினார். தமிழில் பணிச்சூழலியல் என்கிறோம். கருவிக்கேற்ப மனிதனை வளைக்காமல், மனிதனுக்கேற்பக் கருவியை அமைப்பது அதன் நோக்கம்.

பெட்டியிலிருந்து விரலுக்கு வந்த முதற்பெரும் மாற்றம் தட்டச்சுப்பொறி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, ஆங்கிலப் பொறியின் குறைந்த விசைகளுக்குள் தமிழை அடக்க முற்பட்டார். அவர் கையாண்ட வழிகளுள் ஒன்று நகரா விசை. 'கி' என்று அச்சிட, முதலில் விசிறியைத் தட்ட வேண்டும். அப்போது தாள் நகராது. பிறகு 'க' என்று தட்டினால் எழுத்து நிறைவுறும். அரிய பொறியியல் அறிவுதான். ஆயினும் வாய் ககர மெய்யை முன்னும் இகரத்தைப் பின்னும் ஒலிக்க, விரலோ தலைகீழாக இயங்க நேர்ந்தது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் நிற்பதைத் தொல்காப்பியம் அறிந்திருந்தது, இரும்பு அறியவில்லை.

கணினி வந்தபின் இத்தடை நீங்கியது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாட்டைத் தொடர்ந்து, 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' கூடியது. அவ்வாண்டே தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. இதில் உயிர்கள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் உள்ளன. விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. உயிர்மெய்க்கு இரு கைகளும் மாறி மாறி உழைக்கின்றன.

இதனினும் நுட்பமானது தானியங்கிப் புள்ளி. ஒரே மெய்யை இருமுறை தட்டினாலும், 'ந'வை அடுத்துத் 'த' போல மெல்லினத்தின்பின் அதன் இனவெழுத்து வந்தாலும் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா'வுக்கு நான்கு தட்டல்கள் போதும். 'வந்தான்' என்பதற்கு ஆறு. உரோமன் எழுத்துகளில் ஒலிபெயர்த்தால் முறையே ஐந்தும் எட்டும். 'மமதை' போன்ற சொற்களில் இடையே அகரத்தைத் தட்டிப் புள்ளியைத் தடுக்க வேண்டும் என்பது உண்மை. மிகுதியாக வருவதற்கு எளிமை, அரிதாக வருவதற்குச் சிறு தொல்லை: பழைய அச்சுக்கோப்பவரின் கணக்கேதான்!

எனினும் மலேசியாவில் பலர் உரோமன் வழியே எழுதுகின்றனர். 1980களில் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். அவரது அஞ்சல் விசைமுறை, ஆங்கில விசைகளை அறிந்தவரைப் புதிதாக எதையும் கற்கச் சொல்லாமல் தமிழில் எழுத வைத்தது. அதனைக் குறைகூற நாம் துணியோம். பழகிய கையை மதிப்பதும் பணிச்சூழலியலே. ஆனால் ஏழு வயதுக் குழந்தையின் கைக்கு இன்னும் எப்பழக்கமும் இல்லை. 'அம்மா'வை அது எந்த எழுத்துகளாக எண்ணித் தட்டப்போகிறது என்பதை, உரோமன் எழுத்து மட்டுமே பொறித்த விசைப்பலகை அதற்காக முடிவு செய்துவிடுகிறது. மேசைக் கணினிக்கு அமர்த்தும் முதல் வகுப்பிலேயே தமிழ் விசைகளின் படமொன்றை அருகில் ஒட்டிவைக்க ஆசிரியரால் இயலும். கைப்பேசிக்கு இது முழுதும் பொருந்தாது. அங்கே பத்து விரல்கள் இல்லை, இரு பெருவிரல்களே. கைகள் மாறியுழைக்கும் அமைப்பின் பயன் பெரிதும் குறைந்துபோகிறது.