மிச்சச் சோற்றின் வரலாறு

அரசர் கட்டிய குளங்களுக்கும் அமைச்சர் திறந்த அணைக்கட்டுகளுக்கும் நம் பாடநூல்களில் இடமுண்டு. அந்நீரில் விளைந்த நெல் ஏழை வீட்டில் எத்தனை வேளைக்குப் பங்கிடப்பட்டது என்பதற்கு இடமில்லை. கல்முனைக் கரையோர அடுக்களைகளில் மிச்சச் சோறு பட்ட பாட்டை எழுதினால், இந்நாட்டு உணவுக் கொள்கையின் வரலாற்றையே எழுதியவர்களாவோம்.

மருதமுனை நெசவாளர் வீட்டிலும் சாய்ந்தமருது மீனவர் வீட்டிலும் இராச்சோறு வீணாவதில்லை. எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைப்பர். விடிந்ததும் சின்ன வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் உப்பும் சேர்த்துப் பிசைந்தால் அதுவே காலையுணவு. முதல்நாள் மீனாணம் சட்டியிலேயே சுண்டி மறுநாள் பிட்டுக்குத் துணையாகும். பாலெடுத்த தேங்காய்ப்பூவையும் எறியார். வறுத்துக் கொச்சிக்காயோடு இடித்தால் சம்பல். கறிக்கு வழியற்ற நாளில் வேலியோர முருங்கையிலை கைகொடுக்கும். இதனைப் பெண்களின் கைப்பக்குவம் என்று பாராட்டுகிறோம். கைப்பக்குவந்தான், ஆயின் அதனைக் கற்பித்த ஆசான் இல்லாமையன்றோ?

நெல் விளையும் மண்ணில் இல்லாமை ஏன் என்று கேட்கலாம். வயல் போடியாருடையது, நெசவாளனும் மீனவனும் அரிசியை விலைக்கு வாங்கியே உண்டனர். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும்; தோணிகள் கரையேறும். பெரும்போக நெல்லோ அப்போது வயலில் பச்சையாகவே நிற்கும். அந்த இடைவெளியில் அடுப்பெரிய வைத்தது கூப்பன் அரிசி.

போர்க்காலத்தில், 1942இல், அரிசிப் பங்கீடு வந்தது. என் மூத்தம்மா கூப்பன் புத்தகத்தை வளவின் உறுதியோடு ஒரே பெட்டகத்தில் வைத்துக் காத்தார். இரண்டும் அவருக்குச் சொத்துகளே. 1953இல் அரசு பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிகளின் அழைப்பில் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசிச் சட்டி ஓர் அரசாங்கத்தையே அசைத்தது.

ஆயினும் வெட்டு ஓயவில்லை. 1966இல் வாராந்தப் பங்கு இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைந்தது. உலகச் சந்தையில் உணவு விலை ஏறிய 1973-74இல் மாவும் சீனியும் அருகின. அனுமதியின்றி அரிசியை இடம்விட்டு இடம் கொண்டு செல்லவும் தடை. மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளில் இராச்சாப்பாடாயிற்று. அன்றைய நிதியமைச்சர், 1953இல் ஹர்த்தாலுக்கு அழைத்த தலைவர்களுள் ஒருவரான என்.எம். பெரேரா. இதனை நாம் மறைப்பதில் பயனில்லை. 1979இல் பங்கீட்டரிசி போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி நின்ற இடத்தில் நிற்க, விலைகள் ஏறிக்கொண்டே போயின.

ஒவ்வொரு வெட்டையும் நிரப்பியது யார்? சோற்றில் கஞ்சியைக் கூட்டி, கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின் அடிச்சட்டியைச் சுரண்டிய பெண். எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அவள் பங்கு குறிக்கப்படவில்லை.

2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை நம் வயல்களைத் தாக்கியது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் கொழும்புச் சுட்டெண்படி 94.9 சதவீதம். அந்நாட்களில் சிக்கனச் சமையல் குறிப்புகள் எங்கும் மலிந்தன. மிச்சத்தை வீணாக்காதீர் என்றார்கள். என் வகுப்பில் ஒரு காலை மாணவன் ஒருவன் மயங்கிச் சரிந்தான். தெளிவித்து, என்ன சாப்பிட்டாய் என்றேன். “ராச்சோறு மிஞ்சல்ல, சேர்” என்றான்.

மிஞ்சுவதற்கு முதலில் ஒன்றிருக்க வேண்டுமன்றோ? இராப்பொழுது வயிறு நிறைந்த வீட்டுக்கே சிக்கனம் அறிவுரை. நிறையாத வீட்டுக்கு அது ஏளனம். மூத்தம்மாரின் திறமையைப் போற்றுவோம். அரசு தன் கடமையைக் கைவிடுவதற்கு அத்திறமையைச் சாட்டாக்க விடோம்.

ஆசிரிய நண்பர்கள் இதனை வகுப்பறையிலேயே தொடங்கலாம். மாணவர் தம் வீட்டு முதியவளிடம் கேட்டு எழுதட்டும்: அந்த ஆண்டில் அரிசி என்ன விலை? அடுப்பில் என்ன வெந்தது? கடைசியில் உண்டவர் யார்? அந்த விடைகள் சேரும்போதுதான் பாடநூலின் வெற்றுப் பக்கங்கள் நிரம்பும்.