தோல் பந்தும் மலைச்சரிவும்

ஆம்பூரில் பிறந்தவனுக்கு எந்தப் பொருளைக் கண்டாலும் அது தோல்தானா என்று தடவிப் பார்க்கும் பழக்கம் எளிதில் போகாது. கோடைக்கானல் கோல்ப் மைதானத்தில், தோல் வாணிகம் செய்யும் நண்பர் ஒருவர் என் கையில் பந்தைக் கொடுத்தபோதும் அப்படித்தான் தடவினேன். தோல் அன்று. "ஒரு காலத்தில் தோல்தான், ஐயா!" என்று சிரித்தார் நண்பர்.

அவர் சொன்னது உண்மை. கோல்ப் வளர்ந்த ஸ்காட்லாந்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மாட்டுத் தோலை உறையாகத் தைத்து, வேகவைத்த வாத்திறகை அதற்குள் திணித்துப் பந்து செய்தார்கள். காயும்போது தோல் சுருங்கும். உள்ளே இறகு விரியும். பந்து கல்லாக இறுகும். கைதேர்ந்த தொழிலாளி நாளுக்கு மூன்று நான்கு பந்துகளே செய்ய முடியும். ஆகவே, ஆட்டம் பணக்காரர் கையில் இருந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஆலன் ராபர்ட்சன் என்பவர் இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர். 1848 வாக்கில் மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் மலிவான பந்து வந்தது. ராபர்ட்சன் கலங்கினார், கைக்குக் கிடைத்த புதுப் பந்துகளை வாங்கித் தீயிலிட்டார் என்று சொல்வார்கள். அவரிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் ஒருநாள் புதுப் பந்தில் ஆடிவிட்டார். மனஸ்தாபம் முற்றி இருவரும் பிரிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் ராபர்ட்சனும் புதுப் பந்துக்கே வந்து சேர்ந்தார்!

மாரிஸ் 1851-இல் பிரெஸ்ட்விக் ஊருக்குப் போய் 12 குழிகள் கொண்ட மைதானம் அமைத்தார். பந்து செய்தவர் மைதானம் செய்பவரானார். மண்ணை வாரிக் கொட்ட அன்று இயந்திரம் ஏது? நிலத்தில் நடந்து பார்த்து, மேடும் மணற்பள்ளமும் இருந்தபடியே இருக்க, குழிகளுக்கு முளை அடித்தார். நல்ல மைதானத்தின் இலக்கணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோடைக்கானல் சங்கம் 1895-இல் தொடங்கியது. ஏறத்தாழ 7,000 அடி உயரம், காட்டெருமைகள் மேய வரும் புல்வெளி, 18 குழிகள். மெல்லிய காற்றில் பந்து சற்று அதிக தூரம் போகும் என்ற நம்பிக்கையில் ஓங்கி அடித்தேன். பந்து சரிவில் உருண்டு எங்கோ நின்றது. பை தூக்கி வந்த பெரியவர், "பந்தைப் பார்த்தது போதுங்க, மேட்டைப் பாருங்க. மேடு தள்ளுற பக்கந்தான் எதுவும் போகும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் இடத்தின் அருமை புரிந்தது. துணிந்தவன் சரிவைக் கடந்து நேரே அடிக்கலாம். என்னைப் போன்றவன் சுற்றிப் போகலாம். இருவருக்கும் வழி உண்டு. குறையும் உண்டு: நன்றாக அடித்த பந்தையும் சில சமயம் சரிவு இரக்கமின்றி இழுத்துப் போகிறது. இருந்தாலும், மலையை மலையாகவே விட்டிருக்கிறார்கள்; அதற்காக எதையும் மன்னிக்கலாம்.

ஊர் திரும்பியதும் பாலாற்றங்கரையில் நின்றேன். எங்கள் தொழிலிலும் ஒரு பொருள் மாறியது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட சென்னை மாகாணத்துக்கு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் முயற்சியால் குரோம் முறை வந்தது. காலப்போக்கில் தொழில் பெருகியது. நாங்கள் சோறு உண்டோம், பிள்ளைகள் படித்தார்கள். நன்றி மறக்கக் கூடாது. ஆனால், உப்பும் குரோமும் கலந்த கழிவு நீர் ஆற்றில் இறங்கியது, கிணறுகள் கெட்டன. 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று விதித்து, வேலூர், திண்டுக்கல் பகுதிகள் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. 2025-லும் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது.

ராபர்ட்சனைப் போல நாங்கள் புதுமையைக் கண்டு அஞ்சவில்லை; அது நல்லதே. ஆனால், மாரிஸைப் போல நிலத்தில் நடந்தும் பார்க்கவில்லை. மேடு தள்ளுகிற பக்கந்தான் எதுவும் போகும் என்று பை தூக்கிய பெரியவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊர் மேடெல்லாம் ஆற்றைப் பார்த்துத்தானே சரிகிறது?