ஒரு மெமரி சிப்பும், ஊட்டி மலைச்சரிவில் 1056 ஆன்டெனாவும்

பழைய ஆர்கேட் மெஷினை ரிப்பேர் பண்ற வீடியோ எல்லாம் பார்ப்பீங்களா? நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பார்ப்பேன். 1978-ல ஜப்பானின் டைட்டோ கம்பெனி வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸையே எடுத்துக்குவோம். மொத்த ரேம் 8 கிலோபைட். அதுக்கே 16 சிப். ஒரு சிப்புக்குள்ள 4096 பிட்தான் அடங்கும், அதனால ஒரு பைட்டோட எட்டு பிட்டையும் எட்டு சிப் பங்கு போட்டுக்கும். அதுல ஒண்ணு செத்தா திரையில எட்டு புள்ளிக்கு ஒரு கோடு விழும். எந்த சிப் போச்சுன்னு அந்தக் கோடே காட்டிக் கொடுத்துடும். ஈயத்தை உருக்கி அதைக் கழற்றி, ஒரு சாக்கெட் வெச்சு, புதுசைச் செருகினா வேலை முடிஞ்சது. மரப்பெட்டி, பட்டன், திரை எல்லாம் பழசு. உள்ளே ஒண்ணு மட்டும் புதுசு.

இதே வேலையை அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மெஷினுக்குப் பண்ணணும்னா? ஊட்டியில பண்ணியிருக்காங்க. இன்னிக்கு கதை அதுதான்.

ஊட்டிக்குப் பக்கத்துல முத்தோரை. அங்க ஒரு மலைச்சரிவுல 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துல ஒரு ரேடியோ தொலைநோக்கி நிக்குது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில 1960-களில் திட்டமிட்டு, 1970-ல முடிச்சாங்க. சரிவை அவங்க தேர்ந்தெடுத்த விதம் இருக்கே, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்கா கிட்டத்தட்ட அதே 11 டிகிரி சாய்ந்த சரிவைத் தேடிப் பிடிச்சாங்க. அப்போ தொலைநோக்கியின் அச்சும் பூமியின் அச்சும் இணையா அமைஞ்சுடும். ஒரே ஒரு திசையில சுழற்றினாலே போதும், ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரம் ஒரு விண்பொருளைப் பின்தொடரலாம். மத்த ஊர்ல கான்கிரீட்டும் மோட்டாரும் பண்ற வேலையை இங்க மலையே பண்ணிடுச்சு.

பிரதிபலிக்கிற பரப்பு தகடு கிடையாது. 24 வளைந்த சட்டங்கள் மேல இழுத்துக் கட்டின 1100 மெல்லிய ஸ்டீல் கம்பிகள். அதுக்கு முன்னாடி குவியக் கோட்டுல வரிசையா 1056 சின்ன ஆன்டெனா, சுமாரா அரை மீட்டருக்கு ஒண்ணு. கிழக்கு மேற்கா திரும்ப மோட்டார் உண்டு. வடக்கு தெற்கா பார்க்கணும்னா? இவ்வளவு பெரிய இரும்பைத் தூக்கிச் சாய்க்க முடியாது. ஒவ்வொரு ஆன்டெனாவின் சிக்னலையும் கொஞ்சம் கொஞ்சமா முன்பின் நகர்த்திச் சேர்ப்பாங்க. இரும்பு அசையாது, பார்வை மட்டும் திரும்பும்.

இப்போ சிக்கலுக்கு வருவோம். ஆர்கேட் மெஷின்ல ஒரு சிப் போனா திரை முழுக்கக் கோடு கத்தும். இங்க 1056-ல ஒண்ணு செத்தா ஆயிரத்துல ஒரு பங்கு சிக்னல்தான் குறையும். யாருக்கும் தெரியாது. ஊட்டி மழையிலும் பனியிலும் வெளியில நிக்கிற சாமான், மெதுவா, சத்தமில்லாம தேயும். என்னைக் கேட்டா, இதுதான் ரெண்டுல மோசமான பழுது.

அதைவிடப் பெரிய குறை வடிவமைப்பிலேயே இருந்துச்சு. பழைய அமைப்புல ஆன்டெனாவுக்கு ஒரு பெருக்கின்னு கிடையாது. சிக்னல் கேபிள் வழியா போய், மத்ததோட சேர்ந்த பிறகுதான் பெருக்கிக்கே வரும். கல்யாண மண்டபத்துல ஒருத்தர் மெல்லப் பேசறார்னு வைங்க. மைக்கை அவர் வாய்க்கிட்ட வைக்காம கடைசி வரிசையில வெச்சா, ஸ்பீக்கரை எவ்வளவு ஏத்தினாலும் இரைச்சலும் சேர்ந்துதானே ஏறும்? கேபிள்ல தொலைஞ்சது தொலைஞ்சதுதான்.

அதனால ஒண்ணு ரெண்டை மாத்தி ஒப்பேத்தாம, 1992-ல அந்த வரிசை முழுசையும் மாத்தினாங்க. புதுசா 1056 ஆன்டெனா, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடியே இரைச்சல் குறைந்த காலியம் ஆர்சனைடு டிரான்சிஸ்டர் பெருக்கி, கூடவே 4 பிட் கட்ட மாற்றி. அடுத்த வருஷம் செல்வநாயகமும் கூட வேலை பார்த்தவங்களும் எழுதின கட்டுரையின் தலைப்புலேயே 1056-ங்கிற எண் ரெண்டு தடவை வருது, ஆன்டெனாவுக்கு ஒண்ணு, பெருக்கிக்கு ஒண்ணு. அந்தப் பெருமை நியாயமானதுதான்.

4 பிட்னா 16 நிலை, ஒவ்வொரு படிக்கும் 22.5 டிகிரி. 1056-ஐ 4-ஆல பெருக்குங்க: 4224 பிட், அதாவது 528 பைட். அரைக் கிலோமீட்டர் தொலைநோக்கி வடக்கு தெற்கா எங்க பார்க்கணும்ங்கிற கட்டளை மொத்தமும் இவ்வளவுதான். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மெமரியில ஒரு மூலையில போட்டு வைக்கலாம்.

உணர்திறன் மூணு மடங்குக்கு மேல கூடுச்சு. மூணுதானான்னு நினைக்காதீங்க. ரேடியோ வானியல்ல மங்கலான பொருளைப் பிடிக்க நேரத்தைக் கூட்டணும், ஆனா மூணு மடங்கு நுட்பம் வேணும்னா ஒன்பது மடங்கு நேரம் பார்க்கணும். ஒரு நாளோட ஒன்பது மணி நேரத்தை முழுங்கின வேலை ஒரு மணி நேரத்துல முடியும்!

நேரத்தை நீட்டவே முடியாத வேலைகளும் உண்டு. இந்தத் தொலைநோக்கி முதல்ல கட்டப்பட்டதே நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கிற கணத்தை வெச்சு அதன் அளவைக் கண்டுபிடிக்கத்தான். நிலா நமக்காக நிக்காது. அடுத்தது சூரியக் காற்று. தூரத்து ரேடியோ மூலங்கள் அந்தக் காற்றின் வழியா மினுக்குறதைப் பார்த்து அதன் வேகத்தைக் கணக்கிடுவாங்க. பி. கே. மனோகரன் ஊட்டியில பல வருஷம் பண்ணின வேலை இது. மினுக்கல் ஒரு நொடி அளவுல நடக்கும், அதுக்குள்ள பிடிச்சாதான் உண்டு. பெருக்கி ஆன்டெனாகிட்ட வந்ததோட பலன் இங்கதான் முழுசா தெரியும். சூரியப் புயல் செயற்கைக்கோள்களைத் தாக்கக்கூடியதுங்கிறதால இது வெறும் வானியல் ஆர்வம் மட்டும் இல்ல.

சிலர் கேட்பாங்க, 1970 மெஷினை எதுக்கு இழுத்துக்கிட்டு, புதுசா கட்டலாமேன்னு. கட்டவும் செஞ்சாங்க. அதே ஸ்வரூப் தலைமையில புனே பக்கம் 30 ராட்சதக் கிண்ணங்களோட ஜிஎம்ஆர்டி வந்தது. ஆனா ஊட்டியின் 11 டிகிரிச் சரிவுக்கு மாற்று சிப் எந்தக் கடையிலயும் கிடைக்காது.

1992-க்கு அப்புறமும் கைவைக்காம விடல. ஊட்டி வைட் ஃபீல்ட் அர்ரேன்னு ஒரு திட்டம், நாலு ஆன்டெனாவுக்கு ஒண்ணா 264 டிஜிட்டல் சேனல். அதுல சிக்னலை நகர்த்திச் சேர்க்கிற வேலையை சாஃப்ட்வேர் எடுத்துக்கும். கம்பியும் சட்டமும் அதே சரிவுலதான்.